சுத்தியலோடு நடந்த கலாயோகி

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் கரையோரச் சாலையில், வாகரைக்குச் சற்றுத் தெற்கே பனிச்சங்கேணி இருக்கிறது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். வாடைக்காலத்து அலைகள் அடங்கியபின் இந்தக் கிழக்குக் கரையோரமாக நடந்து சென்றவர்கள், வெண்மணலின் மேல் சில இடங்களில் கரிய கோடுகள் ஓடுவதைக் கண்டிருப்பார்கள். யாரோ கரித்தூளைத் தூவிவிட்டுப் போனது போல் இருக்கும். பிள்ளைகள் அந்தக் கரிய மணலில் ஒரு பிடி அள்ளிக் காந்தத் துண்டொன்றை அருகே பிடித்துப் பார்க்கட்டும். சில மணிகள் துள்ளி எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பல மணிகள் அசையாமல் கிடக்கும்.

கடல் இங்கே செய்திருப்பது நம் தாய்மார் சுளகில் செய்யும் வேலையைத்தான். உள்நாட்டு மலைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்கின்றன. ஆறுகள் அந்தத் துகள்களைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. மகாவலியின் கிளையாகிய வெருகலாறு நமக்கு வடக்கே கடலைச் சேர்வது எல்லாருக்கும் தெரியும். அலை வந்து வந்து மோத, பாரம் குறைந்த வெண்மணல் அடிபட்டுப் போகிறது. பாரமான கரிய மணிகள் தங்கிவிடுகின்றன. வெண்மணல் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலான பாரம் உடையது. இல்மனைட் எனப்படும் கரிய கனிப்பொருளோ ஏறத்தாழ 4.7 மடங்கு பாரம். புல்மோட்டையில், 1957இல் நிறுவப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனம் அள்ளி ஏற்றுமதி செய்துவந்தது இதைத்தான். வெள்ளைப் பெயின்ற் செய்வதற்கு வேண்டிய மூலப்பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. இந்த மணலோடு மிகச் சிறிதளவில் மொனசைட் என்ற இன்னொன்றும் கலந்திருக்கும். அதற்குள் தோரியம் உண்டு. தோரியம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும் பொருள்.

காந்தம், பாரம், கதிர் ஆகிய இந்த மூன்றையும் அளந்துதான் இன்றைய விஞ்ஞானிகள் மண்ணைத் தோண்டாமலே அதன் உள்ளே இருப்பதை அறிகிறார்கள். கதிர் வீசும் கனிப்பொருள் ஒன்று நமது இலங்கைத் தீவிலே உண்டு என்பதை உலகம் அறியக் காரணமாயிருந்தவர் ஒரு தமிழரின் மகன். நடராசரின் நடனத்தைப் பற்றி எழுதிய கலாயோகியாக அவரை நாம் அறிவோம். கையில் சுத்தியலோடு மலை மலையாக நடந்து கல் பொறுக்கிய இளைஞராக அவரை அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. அவர்தான் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி.

தந்தை முகம் அறியாத பிள்ளை

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி, பருத்தித்துறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் வழிவந்தவர். சட்டநிரூபண சபையின் அங்கத்தவர். இங்கிலாந்தில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் இந்து சமயத்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தைச் சேர்ந்த பெண்மணி.

குழந்தைக்கு இரண்டு வயதாகுமுன் தாயார் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். தந்தையார் பின்னால் வருவதாக ஏற்பாடு. கப்பலேற வேண்டிய நாளான 1879ஆம் ஆண்டு மே 4ஆம் திகதியே அவர் காலமானார். தாயின் அணைப்பில் அந்நிய மண்ணில் வளர்ந்த பிள்ளை, தந்தையின் நாட்டைப் பற்றிக் கேள்வியால் மட்டுமே அறிந்திருந்தது.

பன்னிரண்டாவது வயதில் வைக்கிளிவ் கல்லூரி என்ற விடுதிப் பாடசாலையில் அவர் சேர்ந்தார். அக்கல்லூரி குளொஸ்ரர் மாகாணத்திலே குன்றுகள் சூழ்ந்த இடத்தில் அமைந்தது. அந்தக் குன்றுகளிலே கிடந்த பழங்காலச் சிப்பிகளும் பாறைப் படைகளும் மாணவனின் கண்ணை ஈர்த்தன. பாடசாலைச் சஞ்சிகையில் அவர் எழுதியதும் அயலிலிருந்த குன்றொன்றின் பாறைகளைப் பற்றியே. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1900ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறினார். அதே ஆண்டில் இலங்கையின் பாறைகளைப் பற்றியும் இங்கே தோண்டப்படும் காரீயத்தைப் பற்றியும் அவர் எழுதிய கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பென்சில் செய்யப் பயன்படும் அந்தக் காரீயம் அக்காலத்தில் இலங்கையின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. தந்தையின் மண்ணுக்கு அவர் முதலில் வந்து சேர்ந்த வழி இவ்வாறு கல்லின் வழியாகவே அமைந்தது.

மாட்டுவண்டியில் ஓர் அளவை

1903ஆம் ஆண்டில் இலங்கையில் கனிப்பொருள் அளவைப் பகுதி ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. அதன் முதல் பணிப்பாளராக 26 வயதும் நிறையாத குமாரசுவாமி நியமிக்கப்பட்டார். இன்றைய புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் அந்தச் சிறிய அலுவலகத்தின் வழிவந்ததே.

அன்று மோட்டார் வாகனம் அருமை. மலைநாட்டுக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் போகவேண்டும். கூடாரம் அடித்துத் தங்கவேண்டும். குமாரசுவாமியோடு அவர் மனைவி எதெல் அம்மையாரும் சென்றார். கணவர் கற்களைப் பொறுக்க, மனைவியார் கமெராவினால் படம் எடுத்தார்.

அவர் கையிலிருந்த கருவிகள் மிக எளியவை. சுத்தியல், உருப்பெருக்கிக் கண்ணாடி, காந்த ஊசி ஆகியவையே முக்கியமானவை. காந்த ஊசியைப் பற்றி ஒரு விசேஷம் சொல்லவேண்டும். பூமியின் காந்த மத்திய கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகாகச் செல்வதால், இலங்கையில் தொங்கவிடப்பட்ட காந்த ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். இங்கிலாந்திலோ அது தலைகுப்புறச் சாய்ந்து நிற்கும். ஊசி நிற்கவேண்டிய விதத்தில் நிற்காமல் ஓரிடத்தில் தடுமாறினால், அங்கே நிலத்துக்கடியில் இரும்பு சேர்ந்த பாறை இருக்கக்கூடும் என்று அளவையாளர் ஊகிப்பார். பூமி தன் மறைவான செய்திகளை இப்படிச் சிறு அசைவுகளாலேயே சொல்லுகிறது. பொறுமையோடு கவனிப்பவருக்கே அது புரியும்.

அந்தப் பொறுமை குமாரசுவாமியிடம் இருந்தது. பணிப்பாளராகும் முன்னரே, கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அருகே கங்கப்பிட்டியாவில் கிடைத்த நீல நிறக் கனிப்பொருள் ஒன்றை அவர் ஆராய்ந்தார். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரையர் என்ற விஞ்ஞானியும் அவரும் சேர்ந்து அது உலகம் அறியாத புதுக் கனிப்பொருள் என்று 1903இல் அறிவித்தார்கள். நம் தீவுக்கு அராபியர் வழங்கிய செரண்டிப் என்ற பழம்பெயரால் அதற்குச் செரண்டிபைட் என்று பெயரிட்டார்கள். இன்றும் உலகின் மிக அரிய கற்களில் அது ஒன்று.

கூடையின் அடியில் தங்கிய கருமணிகள்

சப்பிரகமுவா மாகாணத்திலே மாணிக்கக்கல் தேடுவோர் செய்யும் வேலையை இரத்தினபுரிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். குழியிலிருந்து எடுத்த சரளை மண்ணைக் கூடையில் இட்டு, நீரிலே அமிழ்த்திச் சுழற்றுவார்கள். மண்ணும் இலேசான கல்லும் நீரோடு போய்விடும். பாரமானவை அடியில் தங்கும். நீலம், புஷ்பராகம் முதலியவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். அவற்றோடு தங்கும் கரிய கற்களால் மாணிக்கம் தேடுபவருக்கு ஒரு பயனும் இல்லை.

1904ஆம் ஆண்டில் பலாங்கொடைப் பக்கத்துச் சரளை மண்ணிலிருந்து கிடைத்த கரிய கற்கள் சில குமாரசுவாமியின் கவனத்துக்கு வந்தன. சதுரப் பெட்டி வடிவம், அளவுக்கு மிஞ்சிய பாரம். தண்ணீரைப் போல் ஒன்பது மடங்குக்கு மேல் பாரமான கல் அது. சாதாரணக் கருங்கல் மூன்று மடங்கையும் எட்டாது. கையில் எடுத்தவுடனேயே ஏதோ விசேஷம் என்று தெரியும்.

அது எந்தக் காலம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். யுரேனியம் கதிர் வீசுவதைப் பெக்கரல் 1896இல் கண்டார். தோரியமும் அவ்வாறே என்பது 1898இல் தெரியவந்தது. அதே ஆண்டில் கியூரி தம்பதியர் றேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். குமாரசுவாமி பதவியேற்ற 1903ஆம் ஆண்டிலேதான் இம்மூவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. கதிர்வீசும் கல் எங்கே உண்டு என்று ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் தேடிக்கொண்டிருந்தன.

குமாரசுவாமி அந்தக் கல்லை யுரேனியம் நிறைந்த யுரேனினைட் என்று கருதினார். மாதிரிகள் இலண்டனில் இருந்த இம்பீரியல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பேராசிரியர் விண்டம் டன்ஸ்டன் அவற்றைப் பகுத்துப் பார்த்தபோது, பத்தில் ஏழு பங்குக்கு மேல் தோரியத்தின் ஒட்சைட்டே இருக்கக் கண்டார். அது ஒரு புதிய கனிப்பொருள் என்று உணர்ந்து அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார்.

இங்கே உண்மையை உள்ளபடி சொல்லவேண்டும். கல்லைக் கவனித்து உலகின் கண்முன் வைத்தவர் குமாரசுவாமி. அதன் உண்மையான இயல்பை அறிந்து பெயரிட்டவர் டன்ஸ்டன். குமாரசுவாமியின் முதல் ஊகம் முழுவதும் சரியாக அமையவில்லை. விஞ்ஞானத்தில் இது இழுக்கல்ல. கவனிக்காமல் எறிந்துவிடுவதே இழுக்கு. ஒருவர் பொறுக்கி எடுத்ததை இன்னொருவர் அளந்து பார்க்க, உண்மை இருவர் கையாலும் வளர்கிறது.

விளக்கில் எரிந்த தோரியம்

தோரியத்துக்கு அன்று ஏன் அவ்வளவு மதிப்பு? நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அவர்களை அறியாமலே பதில் சொல்வார்கள். மின்சாரம் வராத நாட்களில் ஆலயத் திருவிழாப் பவனியிலும் கலியாணப் பந்தலிலும் பெற்றோமக்ஸ் விளக்குத்தான் ஒளி தந்தது. அதன் நடுவிலே வலைப்பை போன்ற மென்டில் ஒன்று கட்டுவார்களே, அந்த வலை தோரியக் கரைசலில் தோய்த்து எடுக்கப்பட்டது. முதலில் மூட்டும்போது நூல் எரிந்துபோகும். மிஞ்சும் தோரியச் சாம்பல்தான் சுவாலையில் வெள்ளை வெளேரென்று ஒளிவிடும். இப்போது மென்டில்களைப் பெரும்பாலும் வேறு பொருள்களால் செய்கிறார்கள். அன்று ஐரோப்பிய நகரங்களின் காஸ் விளக்குகள் எல்லாம் தோரியத்தால் எரிந்தன. ஆகவே இலங்கைக் கல் நல்ல விலைக்குப் போயிற்று.

இதைவிடப் பெரிய பயன் ஆய்வுகூடங்களில் விளைந்தது. இலண்டனில் சேர் வில்லியம் ராம்சே இந்தக் கல்லைச் சூடாக்கியபோது ஈலியம் என்ற வாயு வெளிவந்தது. ஒரு கிராம் கல்லில் ஏறத்தாழ 9 கன சென்ரிமீற்றர் வாயு அடைபட்டிருந்தது. ராம்சேயின் கூடத்துக்கு வந்த ஒட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் 1905இல் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பை ஆராய்ந்து, றேடியோதோரியம் என்ற புதிய கதிர்வீசும் பொருளைக் கண்டுபிடித்தார். கதிர் ஆராய்ச்சியில் அவருடைய முதல் வெற்றி அதுவே. பிற்காலத்தில் யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபடுவதைக் காட்டி நொபெல் பரிசு பெற்றவர் இதே ஹான்.

இன்னொருவர் ஸ்ட்ரட். தோரியமும் யுரேனியமும் சிதையும்போது ஈலியம் உண்டாகிறது. ஓராண்டில் எவ்வளவு உண்டாகும் என்று அளந்துவிட்டால், கல்லுக்குள் சேர்ந்துள்ள ஈலியத்தைக் கொண்டு கல்லின் வயதைக் கணக்கிடலாம் அல்லவா? 1910இல் அவர் இலங்கைக் கல்லைக் கொண்டு அப்படியே செய்தார். 25 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது என்று விடை வந்தது. வாயு சிறிது சிறிதாகக் கசிந்து போயிருக்கும் என்பதால் உண்மை வயது இன்னும் கூடுதலாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இலங்கையின் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து இன்றைய நிலையை அடைந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று இன்று கணிக்கிறார்கள். பூமியின் வயது சில கோடி ஆண்டுகளே என்று பெரிய விஞ்ஞானிகள் வாதாடிய காலம் முடிவுக்கு வருவதற்கு நம் நாட்டுச் சரளையில் கிடந்த கருமணியும் உதவியது.

பாறையைத் தேடிப் போனவர் கண்டது

கல்லின் கதை இவ்வாறு உலகெங்கும் பரவியது. அதைத் தந்த மண்ணின் மக்கள் நிலை என்ன? குமாரசுவாமியின் வாழ்க்கையைத் திருப்பிய கேள்வி இதுவே.

கனிப்பொருள் தேடிக் கிராமம் கிராமமாகப் போன அவர், பலாங்கொடைப் பக்கத்திலே ஊரவர் மண் உலை கட்டி, துருத்தியால் ஊதி, பரம்பரை முறைப்படி இரும்பு உருக்குவதையும் கண்டார். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர். ஆயினும் எந்தக் கல்லில் இரும்பு உண்டு, எவ்வளவு கரி இடவேண்டும், உலை எப்போது பழுத்தது என்பதெல்லாம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு கப்பல் கப்பலாக வந்திறங்கியதால் அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. நெசவாளர், தச்சர், கன்னார், சித்திரக்காரர் எல்லாருடைய நிலையும் அதுவே. கைவினை செய்த விரல்கள் கூலிவேலைக்குப் போயின. படித்தவர்களோ உடையிலும் பேச்சிலும் வெள்ளையரைப் போல் ஆவதையே நாகரிகம் என்று எண்ணினார்கள்.

ஒரே வட்டாரத்திலேதான் அவர் இரண்டையும் கண்டார். பூமியிலிருந்து புதிதாக எடுக்கப்பட்ட செல்வம் ஒன்று. கண்முன்னே அழிந்துபோகும் செல்வம் இன்னொன்று. முன்னதை அளந்து கணக்கெழுத அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. பின்னதைக் கணக்கெடுக்க ஒருவரும் இல்லை. அந்த வேலையை அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். உத்தியோகப் பயணங்களின்போதே கோவில்களையும் விகாரைகளையும் பட்டறைகளையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். எதெல் அம்மையார் படங்கள் எடுத்தார். 1905ஆம் ஆண்டிலே கண்டி நாட்டுத் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிப் பழைய கட்டடங்களையும் கைப்பணிகளையும் காக்கும்படி வேண்டினார். இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். பிள்ளைகள் தாய்மொழியிலே கற்கவேண்டும் என்று வாதாடினார். தமது அளவை வேலைகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார்.

1906ஆம் ஆண்டின் முடிவோடு அவர் பணிப்பாளர் பதவியை விட்டு இலங்கையிலிருந்து புறப்பட்டார். இங்கிலாந்தில் பழைய தேவாலயம் ஒன்றைத் திருத்திய வீட்டிலே அச்சகம் வைத்து, வில்லியம் மொறிஸ் என்ற பெரியார் உபயோகித்த கையச்சு இயந்திரத்திலேயே தமது நூலை அச்சிட்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அந்தப் பெருநூல் 425 பிரதிகள் மட்டுமே. 1907 செப்ரெம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. கைப்பணியின் மகிமையைச் சொல்லும் நூலைக் கையாலேயே அச்சிட்டது அவருடைய நேர்மைக்குச் சான்று. தமிழரின் மகன் ஒருவர் சிங்கள மக்களின் கலைக்கு இப்படிப்பட்ட காணிக்கை செய்தார் என்பதை இன்றைய தலைமுறை மறக்கலாகாது.

கடல் கடந்த செல்வம்

பின்னர் அவர் இந்தியா எங்கும் சுற்றினார். தாகூரின் குடும்பத்தோடு பழகினார். சிவநடனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகையிலே முதலில் வெளிவந்தது. ராஜபுத்திர ஓவியங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். அவற்றை வைத்துக் காசியிலே தேசிய நூதனசாலை ஒன்று அமைத்தால் தமது சேகரிப்பைக் கொடுக்கத் தயார் என்று அறிவித்தார். அதற்கு வேண்டிய பணமும் ஆதரவும் கிடைக்கவில்லை. 1917இல் அந்த ஓவியங்கள் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றன. அவரும் அவற்றின் காப்பாளராக அங்கே சென்றார். தோரியனைட் இலண்டனுக்குப் போனது போல், ஓவியங்கள் பொஸ்டனுக்குப் போயின. நம்மவர் மதிப்பு அறியாதவற்றை அறிந்தவர்கள் எடுத்துச் செல்கிறார்கள் என்பதற்கு அவர் வாழ்விலேயே இரு சாட்சிகள்.

பொஸ்டனில் முப்பது ஆண்டுகள் இருந்து எழுதினார். ஒரு கல்லை ஆராயும் அதே கவனத்தோடு ஒரு சொல்லையும் ஒரு சிலையையும் ஆராய்ந்தார். அடிக்குறிப்பு அடுக்கடுக்காக வரும் அவர் கட்டுரைகளில் அளவையாளரின் பழக்கத்தைக் காணலாம். இந்து மரபிலே ஊன்றி நின்ற அவர், பிற்காலத்தில் புனித தோமா அக்குவீனாஸ், புனித பொனவெந்தூர் முதலிய மறைவல்லுநரின் நூல்களை இலத்தீன் மூலத்திலேயே கற்று, கலையைப் பற்றி அவர்கள் கொண்ட எண்ணமும் கீழைத்தேய எண்ணமும் பல இடங்களில் ஒன்றுபடுவதைக் காட்டினார். இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தின் சிலுவைப் பாதை நிலைகளைச் செதுக்கிய எரிக் கில் என்ற கத்தோலிக்கச் சிற்பி அவருடைய நண்பர்.

1947 ஆகஸ்ட் 22இல் எழுபது வயது நிறைந்தபோது நண்பர்கள் விருந்தளித்தார்கள். பதவியிலிருந்து ஓய்ந்து இந்தியாவுக்குத் திரும்பி இமயமலைச் சாரலில் அமைதியாக வாழும் விருப்பத்தை அங்கே தெரிவித்தார். மூன்று வாரம் கழியுமுன், செப்ரெம்பர் 9ஆம் திகதி, பொஸ்டனுக்கு அருகே தமது இல்லத்தில் காலமானார். இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டிய நாளில் தந்தையார் இறந்தார். கீழைநாட்டுக்குத் திரும்ப எண்ணியிருந்த வேளையில் மகன் இறந்தார்.

இன்றைய கருவிகளும் நமது கரையும்

குமாரசுவாமி சுத்தியலோடு சென்ற வேலையை இன்று நுட்பமான கருவிகள் செய்கின்றன. காந்தமானி ஒன்று உண்டு. பூமியின் காந்தப் புலம் இலங்கையில் ஏறத்தாழ 40,000 நனோதெஸ்லா. அதில் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தாலும் அக்கருவி காட்டிவிடும். ஈர்ப்புமானி இன்னொன்று. நிலத்தின் கீழ் பாரமான பாறை இருந்தால் அங்கே பூமியின் இழுப்பு மிக நுண்ணிய அளவு கூடும். பத்துக் கோடியில் ஒரு பங்கு வேறுபாட்டையும் அது உணரும். இவ்வாறு அளந்து 1975இல் இலங்கை முழுவதற்கும் ஈர்ப்புப் படம் ஒன்று வெளியிடப்பட்டது. நம் தீவுக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரத்தில் ஈர்ப்புக் குறைவால் கடல்மட்டமே, இருக்கவேண்டிய அளவைவிட ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது என்பது உலகமே வியக்கும் செய்தி. மூன்றாவது கருவி கதிர்களை எண்ணுவது. பொற்றாசியம், யுரேனியம், தோரியம் மூன்றும் வீசும் கதிர்களை அது வெவ்வேறாகப் பிரித்துக் காட்டும். ஆனால் மேல்மண்ணின் ஒரு முழ ஆழத்துக்குள் உள்ளதையே அது அறியும். அதன் கீழிருந்து வரும் கதிரை மண்ணே மறைத்துவிடும்.

ஆகவே ஒரு கருவியை மட்டும் நம்பி முடிவு சொல்லும் வழக்கம் இல்லை. காந்தம் சொல்வதை ஈர்ப்போடும், ஈர்ப்புச் சொல்வதைக் கதிரோடும் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்தபின்பும் ஓரிடத்தில் துளையிட்டுத்தான் உறுதி செய்வார்கள்.

மூன்று கருவிகளும் சேர்ந்து அளக்க முடியாத ஒன்றும் உண்டு. அந்த மண்ணின் மேல் வாழும் மக்களின் வாழ்வே அது. கரைவலை இழுக்கும் குடும்பம், களப்பில் இறால் பிடிக்கும் தோணி, கிணற்று நன்னீர், கடல் பொங்கும்போது ஊரை மறைத்து நிற்கும் மணல்மேடு ஆகியவற்றை எந்தமானியும் காட்டாது. அண்மை ஆண்டுகளில் வாகரைப் பகுதியில் இல்மனைட் அகழ்வு பற்றிய பேச்சு எழுந்தபோது மக்கள் கவலை கொண்டு எதிர்ப்புத் தெரிவித்ததும் இதனாலேயே. மண்ணில் இருப்பது செல்வம் என்பதில் ஐயமில்லை. அது யாருக்குச் செல்வம், எடுத்தபின் எஞ்சுவது என்ன என்பவற்றையும் சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டும். தெரியாமல் பயப்படுவதும் தெரியாமல் சம்மதிப்பதும் இரண்டுமே நமக்கு நன்மை தரா. நம் பிள்ளைகளிற் சிலர் புவிச்சரிதவியல் கற்று, அளவை அறிக்கைகளைத் தாமே வாசித்து ஊருக்கு விளக்கும் நிலைக்கு வரவேண்டும்.

இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு வழிகாட்டியிருக்கிறார். அவர் கல்லை அளந்தார்; கல்லின் மேல் வாழ்ந்தவரையும் நிமிர்ந்து பார்த்தார். முதலாவது அவருக்கு உத்தியோகம் தந்தது. இரண்டாவது அவரைக் கலாயோகி ஆக்கியது.

அடுத்த முறை பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும் பெற்றோர் ஒரு காந்தத் துண்டையும் எடுத்துச் செல்லலாம். கரிய மணலைக் காட்டி அது எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுக்கலாம். அப்படியே சற்றுத் தொலைவில் வலை இழுப்பவர்களையும் காட்டி, அவர்கள் பெயரையும் பாட்டையும் கேட்டறியச் சொல்லலாம். இரண்டு பாடமும் ஒரே கரையிலேதான் இருக்கின்றன.